2007 டிசம்பரில் பத்து லட்சம் போட்டிருந்தால்

"எதில் போட்டால் எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புகளுக்கு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்துகிறேன். அதனால் சொந்தக்காரர்கள், ஸ்டாஃப் ரூம் தோழிகள், பழைய மாணவர்கள் என்று பலரும் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருவார்கள். இந்தக் கேள்வி பாதிதான். வழியில் எவ்வளவு குறையும், அப்படிக் குறைந்து கிடக்கிற நேரத்தில் நமக்குப் பணம் தேவைப்படுமா என்கிற மீதிப் பாதியையும் சேர்த்துக் கேட்டால்தான் இரண்டு முதலீடுகளை ஒப்பிட முடியும்.

இந்தத் தடவை கேட்டவர் அத்தான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர். மின்வாரியத்தில் வேலை, அடுத்த வருடம் ஓய்வு. பி.எஃப்., கிராச்சுவிட்டி எல்லாம் சேர்த்து 45 லட்சம் அளவில் கைக்கு வரும். ஒரு ஏஜென்ட் எழுதிக் கொடுத்த தாளைக் கொண்டுவந்து காட்டினார். பங்குச்சந்தையின் வருடாந்திர ஏற்ற இறக்கத்தை வரிசையாகப் போட்டு, கீழே 'சராசரி 11%' என்று அடிக்கோடிட்டிருந்தது. "எஃப்டி-யில எட்டுதானேம்மா கிடைச்சுது, இது மூணு சதவீதம் கூட வருதே" என்றார்.

அந்தத் தாளில் இருந்த எண் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் அதை நம்பிப் பணம் போடக்கூடாது. ஏன் என்று அத்தானுக்குக் காட்டுவதற்காகத்தான் எக்செல்லைத் திறந்தேன். அந்தக் கணக்குதான் இந்தப் பதிவு.

2007 டிசம்பர் 31 அன்று நிஃப்டி, அதாவது ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைக் காட்டும் குறியீடு, 6,138-ல் முடிந்தது. சந்தை உச்சத்தில் இருந்த நேரம் அது. அன்றைக்கு நான்கு பேர் ஆளுக்குப் பத்து லட்சம் போட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆள் முழுவதையும் வங்கி வைப்பில் போடுகிறார். வட்டி வருடத்துக்கு 8 சதவீதம் என்று நிலையாக எடுத்துக்கொண்டேன். நிஜத்தில் அந்தப் பத்து வருடத்தில் அது மேலும் கீழும் போனது. நான்காம் ஆள் முழுவதையும் நிஃப்டியில் போடுகிறார். நடுவில் இருவர். ஒருவர் 30 சதவீதம் நிஃப்டி, 70 சதவீதம் வைப்பு. இன்னொருவர் பாதிக்குப் பாதி. இந்த இருவரும் ஒவ்வொரு டிசம்பர் முடிவிலும் தங்கள் விகிதத்தைப் பழையபடி சரிசெய்துகொள்கிறார்கள். வரி, செலவு, டிவிடெண்ட் எதையும் சேர்க்கவில்லை.

பத்து வருடம் கழித்து, 2017 டிசம்பர் முடிவில் நிஃப்டி 10,530. நான்காம் ஆளிடம் இருப்பது 17.16 லட்சம். முழுவதும் வைப்பில் போட்டவரிடம் 21.59 லட்சம். பாதிக்குப் பாதிக்காரரிடம் 22.13 லட்சம். 30-70 காரரிடம் 22.55 லட்சம்.

அத்தான் இதை நம்பவில்லை. அவருக்கு மட்டுமில்லை, யாருக்குமே இது முதலில் உறுத்தும். ஒன்று 17-க்குப் போகிறது, இன்னொன்று 21.6-க்குப் போகிறது என்றால், இரண்டையும் கலந்தது நடுவில்தானே நிற்க வேண்டும்? எப்படி இரண்டையும் தாண்டும்? வரி வரியாக உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் சராசரி விஷயம். அந்தப் பத்து வருடத்தின் நிஃப்டி: 2008-ல் 52 சதவீதம் இறக்கம், 2009-ல் 76 ஏற்றம், 2010-ல் 18 ஏற்றம், 2011-ல் 25 இறக்கம், 2012-ல் 28 ஏற்றம், 2013-ல் 7, 2014-ல் 31, 2015-ல் 4 இறக்கம், 2016-ல் 3, 2017-ல் 29. கூட்டிப் பத்தால் வகுத்தால் 11 வருகிறது. ஏஜென்ட் செய்தது அவ்வளவுதான். ஆனால் பத்து லட்சம் 17.16 லட்சமாக வளர்ந்தது என்றால் கூட்டுவட்டிக் கணக்கில் அது வருடத்துக்கு ஐந்தரை சதவீதம்தான். டிவிடெண்டைச் சேர்த்தால் இன்னும் ஒன்று, ஒன்றேகால் கூடலாம். அப்போதும் எட்டைத் தொடாது.

11 எங்கே போனது? 2008-ல் பத்து லட்சம் 4.82 லட்சமாகிவிட்டது. அடுத்த வருடம் 76 சதவீதம் ஏறியது என்று பேப்பரெல்லாம் கொண்டாடியது. அந்த 76 சதவீதம் ஏறியது 4.82 லட்சத்தின் மேல். அது 8.47 லட்சம்தான் ஆனது. 52 இறங்கி 76 ஏறினால், கூட்டிக் கழித்துப் பார்க்கிறவர் 24 லாபம் என்பார். பையில் பார்த்தால் ஒன்றரை லட்சம் நஷ்டம். பாதி போனால், போனதை மீட்க நூறு சதவீதம் ஏற வேண்டும். இந்த ஒரு கணக்கு மனதில் பதிந்தால் போதும், ரிஸ்க் என்பது வெறும் பயம் இல்லை, அது வருமானத்தையே தின்கிற ஒன்று என்று விளங்கிவிடும்.

கலவையில் இந்தத் தின்னல் குறைகிறது. 30-70 காரருக்கு 2008-ல் பத்து லட்சம் 9.01 லட்சமானது, அவ்வளவுதான். அவருடைய பத்து வருடச் சாதாரணச் சராசரி 8.9. கூட்டுவட்டிக் கணக்கில் கிடைத்தது 8.5. ஏறக்குறைய முழுவதும் கைக்கு வந்துவிட்டது. நிஃப்டிக்காரருக்கு 11-ல் பாதிதான் வந்தது.

அடுத்தது விகிதம் சரிசெய்வது. என்னைக் கேட்டால் மொத்த விஷயத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பாதிக்குப் பாதிக்காரரைப் பாருங்கள். 2008 டிசம்பரில் அவருடைய ஐந்து லட்சம் நிஃப்டி 2.41 லட்சமாகச் சுருங்கிக் கிடக்கிறது. வைப்பு 5.40 லட்சம். மொத்தம் 7.81. மறுபடி பாதிக்குப் பாதி ஆக்க வேண்டுமென்றால் வைப்பிலிருந்து ஒன்றரை லட்சத்தை எடுத்துப் பங்கில் போட வேண்டும். எப்போது? செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலாகி, உலகமே ஆடிப்போயிருந்த நேரத்தில். அடுத்த வாரமே, 2009 ஜனவரி 7 அன்று, சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் கணக்கைத் திரித்ததாகத் தானே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அந்தச் சமயத்தில் வைப்பை உடைத்துப் பங்கு வாங்கு என்று சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது. ஆனால் அதைச் செய்தவருக்கு 2009 முடிவில் 11.08 லட்சம் இருந்தது. அப்போது பங்குப் பக்கம் 6.86 லட்சமாக வீங்கியிருந்ததால், அதிலிருந்து 1.32 லட்சத்தை எடுத்து வைப்பில் போட்டார். 2011-ல் சந்தை மறுபடி கால் பங்கு விழுந்தபோது அந்தப் பணம் பத்திரமாக இருந்தது.

விலை குறைந்தபோது வாங்குவது, கூடியபோது விற்பது என்பதை எந்த ஜோசியமும் இல்லாமல், தேதியைப் பார்த்தே செய்தார். இதே ஆள் 2007-ல் பாதிக்குப் பாதி போட்டுவிட்டுத் திரும்பியே பார்க்காமல் இருந்திருந்தால் 19.37 லட்சம்தான். சரிசெய்ததனால் மட்டும் கிடைத்தது 2.76 லட்சம்.

இப்போது இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நானும் அந்த ஏஜென்ட் மாதிரி எனக்குப் பிடித்த பத்து வருடத்தை எடுத்துக் காட்டினவளாகிவிடுவேன். ஒரே ஒரு வருடம் தள்ளி, 2008 டிசம்பரில் நிஃப்டி 2,959-ல் இருந்தபோது தொடங்கி, 2018 டிசம்பரில் முடியுங்கள். வைப்பு அதே 21.59 லட்சம். 30-70-க்கு 26.68. பாதிக்குப் பாதிக்கு 29.92. முழு நிஃப்டிக்கு 36.71 லட்சம். தலைகீழ். கூட்டுவட்டிக் கணக்கில் வருடத்துக்குப் பதினான்கை ஒட்டி. அதே சந்தை, அதே நாடு, ஒன்பது வருடம் இரண்டு கணக்கிலும் பொது. ஒருவருக்கு ஐந்தரை, இன்னொருவருக்கு பதினான்கு.

ஆகவே கலவைதான் எப்போதும் முதலிடம் வரும் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல பத்து வருடத்தில் அது பின்தங்கும். ஆனால் மோசமான தொடக்கத்துக்கும் நல்ல தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். முழு நிஃப்டிக்கு 17-லிருந்து 37 வரை. 30-70-க்கு 22.5-லிருந்து 26.7 வரை. எந்த டிசம்பரில் ஓய்வு பெறப்போகிறோம் என்பதை அத்தான் தேர்ந்தெடுக்க முடியாது, பிறந்த தேதிதான் தீர்மானிக்கிறது. அப்படியானால் அவருக்கு எந்த இடைவெளி நல்லது என்பது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது.

1952-ல் ஹாரி மார்க்கோவிட்ஸ் என்ற இளம் அமெரிக்கப் பொருளியலாளர் இதைத்தான் கணிதமாக எழுதினார். ஒரு முதலீட்டைத் தனியாக எடுத்து நல்லதா கெட்டதா என்று பார்க்காதே, மற்றவற்றோடு சேரும்போது அது எப்படி அசைகிறது என்று பார் என்பது அவர் வாதம். 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கூடவே மெர்ட்டன் மில்லருக்கும் வில்லியம் ஷார்ப்புக்கும். எடுத்த ரிஸ்க்குக்கு எவ்வளவு கூடுதல் வருமானம் என்று அளக்கிற ஷார்ப் விகிதம் இந்த ஷார்ப்பின் பெயரில்தான் இருக்கிறது. ஃபண்ட் தாள்களில் அந்த எண்ணைப் பார்க்கலாம். ஒரே வகை ஃபண்டுகளை ஒப்பிட உதவும். அதற்கு மேல் அதை நான் பெரிதாக நம்புவதில்லை.

சேர்ந்து அசைவது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் பல பேர் ஐந்தாறு மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருக்கிறார்கள், பிரித்துப் போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் அதே எச்டிஎஃப்சி பாங்க், ரிலையன்ஸ், ஐசிஐசிஐ, இன்ஃபோசிஸ். விழும்போது ஐந்தும் ஒன்றாகத்தான் விழும். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610-ல் நின்றது. அன்றைக்கு ஒரு பங்கு ஃபண்டும் தப்பவில்லை. பெயர்கள் வேறாக இருப்பது பிரித்துப் போட்டதாகாது.

சரி, வைப்பு என்றால் ரிஸ்க்கே இல்லையா? நம் ஊரில் அப்படித்தான் பேசுகிறோம். வங்கி மூழ்கினால் ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் வரைதான் காப்பீடு; 2020 பிப்ரவரிக்கு முன்பு அது வெறும் ஒரு லட்சம். ஆனால் அதைவிடப் பெரிய ரிஸ்க் கண்ணுக்குத் தெரியாதது. 2014 வாக்கில் பெரிய வங்கிகளில் 9 சதவீதத்தை ஒட்டி வட்டி கிடைத்தது. 2020-ல் அது ஐந்தரைக்குக் கீழே வந்தது. 20 லட்சத்தைப் போட்டு அதன் வட்டியில் குடும்பம் நடத்தியவருக்கு வருட வருமானம் 1,80,000-லிருந்து 1,08,000 ஆனது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, ஆனால் வீட்டுச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. பருப்பு விலை குறைந்ததா? அந்த வயதானவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அதை ரிஸ்க் என்று, ஃபண்ட் தாள்களில் ரிஸ்க் அளவைக் காட்டுகிற எந்த ரிஸ்க்கோமீட்டரும் காட்டாது.

ஏறி இறங்காமல் வழவழவென்று போகிற வரைபடமும் ஏமாற்றலாம். 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் என்ற ஃபண்ட் நிறுவனம் தன்னுடைய ஆறு கடன் ஃபண்டுகளை (பங்கு வாங்காமல் கடன் பத்திரங்களில் பணம் போடுபவை) நிறுத்தியது. அதற்கு முந்தைய வருடங்களின் வரைபடத்தில் பெரிய அசைவே இல்லை. பணம் பிறகு தவணை தவணையாகத் திரும்ப வந்தது. ஆனால் அந்த ஊரடங்கு நேரத்தில் தேவைப்பட்டபோது எடுக்க முடியவில்லை.

தங்கத்தைச் சொல்லாமல் விட்டால் அக்கா கோபித்துக்கொள்வாள். 2008-ல் பங்கு பாதியானபோது, ரூபாய் மதிப்பும் சரிந்ததால், இங்கே தங்கம் கால் பங்குக்கு மேல் ஏறியது. கலவையில் அதற்கு இடம் இருப்பது இதனால்தான். மற்றதெல்லாம் விழும்போது அது பெரும்பாலும் சேர்ந்து விழுவதில்லை. ஆனால் அதற்கும் நீண்ட வறட்சி உண்டு. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், மறுபடி அந்த விலையைப் பார்த்தது 2008-ல். நாம் ரூபாயில் வாங்குவதால் அவ்வளவு வலிக்கவில்லை; அது ரூபாய் தேய்ந்ததன் பலன். 2012-லிருந்து 2015 வரை ரூபாயிலும் இறங்கியது. தொடக்கத் தேதியின் அதிர்ஷ்டம் இதற்கும் உண்டு. 2015 நவம்பரில் அரசு வெளியிட்ட முதல் தங்கப் பத்திரம் கிராம் 2,684 ரூபாய். எட்டு வருடம் கழித்து 6,132 ரூபாய்க்குத் திரும்பக் கொடுத்தார்கள், நடுவில் வட்டி வேறு. இறக்கத்தின் அடியில் வாங்கினவர்கள் அவர்கள். அக்காவின் நகையை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. செய்கூலி, சேதாரம் கொடுத்து வாங்கி, விற்க மனசே வராத ஒன்றை முதலீடு என்று எழுதிவைப்பதில் அர்த்தம் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தைப் போட்டுவிட்டுத் தொடாமல் இருப்பவர்களுக்கு. ஓய்வு பெற்றவர் எடுத்துக்கொண்டே இருப்பார். கணக்கு அங்கே முற்றிலும் மாறிவிடுகிறது. எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதைத்தான்.

அதே நான்கு பேர், அதே 2007 டிசம்பர், ஆனால் ஒவ்வொரு வருட முடிவிலும் 60,000 ரூபாய் எடுக்கிறார்கள். 2017 முடிவில் வைப்புக்காரரிடம் 12.90 லட்சம் மிஞ்சியிருக்கிறது. 30-70-ல் 13.15. பாதிக்குப் பாதியில் 12.30. முழு நிஃப்டியில் 6.41 லட்சம்.

இப்போது அந்தப் பத்து வருட நிஃப்டியை அப்படியே தலைகீழாக அடுக்கினேன். 2017-ன் ஏற்றம் முதலில், 2008-ன் சரிவு கடைசியில். எண்கள் அதேதான், சராசரி அதேதான். பணம் எடுக்காதவருக்கு முடிவும் அதே 17.16 லட்சம்தான். ஆனால் வருடம் 60,000 எடுத்தவருக்கு 6.41-க்குப் பதிலாக 11.13 லட்சம் மிஞ்சுகிறது! சரிவு எவ்வளவு பெரியது என்பதோடு, அது எந்த வருடம் வருகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. விழுந்து கிடக்கும்போது செலவுக்கு விற்ற யூனிட் மறுபடி ஏறுவதற்கு அங்கே இருக்காது. ஓய்வு பெற்ற முதல் நான்கைந்து வருடம்தான் ஆபத்தான காலம். இருபத்தைந்து வயதில் மாதாமாதம் போடத் தொடங்குகிற என் பழைய மாணவனுக்கு ஆரம்பச் சரிவு ஒரு வரம். அவன் மலிவாக வாங்கிக்கொண்டே போவான். அதே சரிவு அத்தானை முடக்கிவிடும். அதனால் இந்த ஃபண்ட் நல்லதா என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்காமல் என்னால் பதில் சொல்ல முடியாது.

வயதை மட்டும் வைத்தும் சொல்லிவிட முடியாது. அத்தான் 2003-க்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர், மாதப் பென்ஷன் வரும். அகவிலைப்படி கூடக் கூட அதுவும் ஏறும். பென்ஷன் என்பது யாரும் பார்க்காத ஒரு பெரிய வைப்பு. அதைச் சேர்த்துப் பார்த்தால் அவர் கையிலுள்ள 45 லட்சத்தில் கொஞ்சம் கூடுதலாகவே பங்கில் வைக்கலாம். என் தம்பிக்குத் தூத்துக்குடியில் ஹார்டுவேர் கடை. அத்தானைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவன். வயதைப் பார்த்தால் அவன்தான் அதிகமாகப் பங்கு வைத்திருக்க வேண்டும். ஆனால் கட்டுமான வேலை படுத்தால் கடையும் படுத்துவிடும், அதே சமயத்தில் சந்தையும் படுத்திருக்க வாய்ப்பு அதிகம். அவனுடைய வருமானமே ஒரு பங்கு மாதிரி. அவனுக்கு நான் எழுதிக் கொடுத்தது நாற்பது சதவீதத்துக்கு மேல் போகாதே என்று.

அத்தான் விஷயத்துக்கு வருகிறேன். அவர் முதலில் பாதிக்குப் பாதி என்றார். அக்கா "பங்கே வேண்டாம், போஸ்ட் ஆபீஸ் போதும்" என்றாள். அக்காவிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: ஒரு டிசம்பரில் ஏழெட்டு லட்சம் குறைந்திருக்கிறது என்று அத்தான் வந்து சொன்னால், விற்றுவிடச் சொல்வாயா, மாட்டாயா? "கண்டிப்பா விக்கச் சொல்லுவேன்" என்றாள். அப்படியானால் பாதிக்குப் பாதி அந்த வீட்டுக்கு ஒத்துவராது. 2008 மாதிரி ஒன்று வந்தால் பாதிக்குப் பாதியில் 45 லட்சம் 35 லட்சமாகும், 30-70-ல் 40.5 லட்சம். நாலரை லட்சம் குறைந்தால் தாங்குவாயா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பென்ஷன் வருகிறது என்பதால் சரி என்றாள்.

ஆகவே 30-70. முதியோர் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், வட்டி 8.2 சதவீதம். நான் 20 லட்சம் மட்டும் அதில் போடச் சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் வட்டி வரும். முழு 30-ஐயும் போட்டால் வட்டி கூடுதல்தான், ஆனால் அது ஐந்து வருடத் திட்டம், நடுவில் எடுத்தால் அபராதம். விகிதம் சரிசெய்ய வேண்டிய வருடத்தில் கையைக் கட்டிப்போட்டுவிடும். அதனால் மீதி 11.5 லட்சம் சாதாரண வைப்பாக, இரண்டு வங்கிகளில், ஒவ்வொன்றும் மூன்று லட்சத்துக்குள் சின்னச் சின்ன ரசீதுகளாக. வேண்டியதை மட்டும் உடைக்கலாம். பங்குக்கான 13.5 லட்சம் ஒரே ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (நிஃப்டியிலுள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கிவைப்பது), ஒரே நாளில் இல்லை, இரண்டு வருடத்தில் மாதாமாதம் பிரித்து. அப்படிப் பிரித்துப் போட்டால் சந்தை நேராக ஏறும் காலத்தில் கொஞ்சம் குறையும் என்றும் சொன்னேன். முதல் வருடச் சரிவுக்கு எதிரான காப்பு என்று அதை ஏற்றுக்கொண்டார்.

விகிதம் சரிசெய்யும் நாள் ஏப்ரல் முதல் வாரம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஃபண்டில் லாபத்தோடு விற்றால் வருடத்துக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி உண்டு, புது நிதியாண்டு பிறந்ததும் பார்த்தால் அந்த வரம்பை நிதானமாகப் பயன்படுத்தலாம். பங்குப் பகுதி 25-க்குக் கீழே போனாலோ 35-க்கு மேலே போனாலோ மட்டும் கை வைப்பது, நடுவில் எங்கே இருந்தாலும் தொடாமல் விடுவது. இதை ஒரு தாளில் எழுதி, அத்தானும் அக்காவும் இருவருமே கையெழுத்துப் போட்டு, பாஸ்புக்கோடு வைத்திருக்கிறார்கள். அக்கா கையெழுத்துதான் முக்கியம் என்று நான் பிடிவாதமாக வாங்கினேன். 25-க்குக் கீழே போகிற வருடத்தில் வைப்பை உடைக்கச் சம்மதிக்க வேண்டியவள் அவள்.